பழைய அலுமினியப் போட்டை மீன்பிடிப் படகாக்கினால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கொழும்பைச் சுற்றி ஓடும் சிறு படகுகள் அநேகமாக பைபர் கிளாஸ்தான். முகத்துவாரத்திலும் நீர்கொழும்புக் களப்பிலும் அலுமினியம் அபூர்வம். அதனால் ஒருவர் பழைய அலுமினிய ரன்அபவுட் ஒன்றை வாங்கி, கண்ணாடியையும் ஸ்டியரிங்கையும் கழற்றி, தளம் போட்டு மீன்பிடிக்கத் தயார் செய்தால், கோளாறு வரும்போது கேட்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. பைபர் வேலை தெரிந்த பாஸ் நல்லெண்ணத்தோடு சொல்லும் வழி சில நேரம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

ரன்அபவுட் என்பது நாலைந்து பேர் தாழ உட்கார்ந்து உல்லாசமாகப் போவதற்கென்று கட்டிய 12 முதல் 16 அடி வரையான படகு. மீன்பிடிக்கிறவர் உட்காருவதில்லை. நிற்கிறார், ஒரே பக்கம் குனிகிறார், பற்றரி, ஐஸ் பெட்டி, நங்கூரம் என்று ஏற்றுகிறார். பாரம் இருக்கும் இடமும் உயரமும் மாறிவிடுகின்றன. புதிதாகத் துளைகள் விழுகின்றன. அலுமினியத்தோடு ஒத்துப்போகாத உலோகங்கள் உள்ளே வருகின்றன. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை, பார்க்காமல் தளம் போட்டு மூடிவிட்ட இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே எதைச் செய்தாலும் தளத்தைத் திருகாணியால் பூட்டுங்கள், ஒட்டி மூடாதீர்கள். ஒட்டிவிட்ட தளம் என்றால் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான்.

படகின் அடியில் தண்ணீர் சேருகிறது

முதலில் அது மழைத் தண்ணீரா என்று பாருங்கள். கொழும்பில் பின்னேர மழை ஒன்று பெய்தாலே தளத்துக்குக் கீழே வாளிக் கணக்கில் இறங்கிவிடும். படகை நன்றாகக் காயவிட்டு, மூடி வைத்து, வெயில் நாளில் ஏரியில் இறக்கி அசையாமல் கட்டி வையுங்கள். தண்ணீர் வந்தால் அது ஒழுக்குத்தான்.

எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சும்மா நிற்கும்போதே வந்தால் ட்ரெயின் பிளக் (தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பான்), கடையார்ப் பக்க (பின்பக்க) மூட்டு, அடி ரிவிட்டுகள் இவற்றைச் சந்தேகப்படலாம். ஓடும்போது மட்டும் வந்தால் ஏராவின் (அடியின் நடுவே நீளமாக ஓடும் தண்டின்) முன்பகுதியிலும், அலை மோதும் இடத்து மூட்டுகளிலும் ரிவிட் தளர்ந்திருக்கும். இஞ்சினை மாட்டிய பிறகே வந்தால், பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன்பு நீருக்கு மேலே இருந்த போல்ட் துளை இப்போது நீருக்குள் போயிருக்கும். பழைய ஸ்டியரிங் கேபிளும் பழைய மீற்றர் குழாயும் கழற்றிய துளைகளை யாரும் அடைப்பதில்லை. அங்கேயும் பாருங்கள்.

ஒழுகும் ரிவிட்டைக் கண்டுபிடிக்க, படகை வெளியே எடுத்து உள்ளே தண்ணீர் ஊற்றுவதுதான் நல்ல வழி. தளத்தைக் கழற்றி, ஏராவுக்கு அடியில் நெடுக மரக்கட்டை கொடுத்து, உள்ளே நாலு அங்குலம் போல் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 14 அடிப் படகில் அந்த நாலு அங்குலமே 300 கிலோவைத் தாண்டிவிடும், தாங்கு சரியில்லாவிட்டால் அடித்தகடு நெளியும். பிறகு கீழே படுத்துப் பார்த்து, துளி வரும் ஒவ்வொரு ரிவிட்டையும் மார்க்கர் பேனையால் வட்டமிடுங்கள். அவசரப்படாமல் பாருங்கள், சில ரிவிட் ஊறிக் கசிய அரை மணி நேரமாகும்.

தளர்ந்த ரிவிட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கத்தில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அடுத்த பக்கத்தில் சின்னச் சின்ன அடியாக அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் துளை விரிந்து நிலைமை மோசமாகும். தலை தேய்ந்த ரிவிட்டைத் துளைத்து எடுத்து, பொலியூரித்தேன் சீலன்ட் தடவி, ஒரு சுற்று பெரிய அலுமினிய ரிவிட் போடுங்கள். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பொப் ரிவிட்டை நீர்மட்டத்துக்குக் கீழே போடக் கூடாது. அதன் நடு துளையாக இருக்கும், உள்ளே உடையும் ஊசி பெரும்பாலும் இரும்பு. இரண்டு பக்கமும் ஆள் கை எட்டாத இடமென்றால், நுனி மூடிய வகை பொப் ரிவிட் கேட்டு வாங்குங்கள்.

சீலன்ட் வாங்கும்போது இன்னொன்று. வினாகிரி மணம் வரும் சிலிக்கனைத் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். அதை ஒரு தடவை பூசிய இடத்தில் வேறு சீலன்டும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது.

வெடிப்பாக இருந்தால் வெடிப்பின் இரண்டு முனைகளிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டு அது நீளாமல் நிறுத்தி, மேலே அதே வகை அலுமினியத் தகட்டை சீலன்டோடு ரிவிட் அடியுங்கள். வெல்டிங் அடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். ரிவிட் அடித்த பழைய படகின் தகடு மெல்லியது. மூட்டுகளுக்குள் பழைய சீலன்டும் எண்ணெயும் ஊறிக்கிடக்கும். வெல்டிங் சூட்டில் பக்கத்து மூட்டுகள் திறந்துகொள்ளும். அலுமினியம் டிக் வெல்டிங்கில் நல்ல கை உள்ளவர் கிடைத்தாலும், இந்தப் படகுகளுக்கு ரிவிட் ஒட்டுதான் என் தெரிவு.

இஞ்சினைப் பிடித்து அசைத்தால் பின்பலகையும் அசைகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருப்பது அலுமினியம் மட்டுமல்ல, இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளைவுட். பழைய படகில் அது உக்கிப்போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஈரத்தூளாக இருக்கும்.

இஞ்சினைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, மேல் மூடியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை வளைந்தால் சந்தேகமே இல்லை. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும், உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். உட்பக்கத்தில் கீழே 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் தப்பித்தீர்கள். கறுப்பாக, ஈரமாக வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

பழைய பலகை முழுதாக வெளியே வருமா என்று பார்த்து, அது உதிர்வதற்கு முன் அதன் உருவத்தை மட்டையில் வரைந்துகொள்ளுங்கள். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை எபொக்சியால் ஒட்டினால் பெரும்பாலான படகுகளுக்குத் தேவையான தடிப்பு வந்துவிடும். ஆனாலும் பழையதை அளந்துதான் வெட்ட வேண்டும். மொறட்டுவையில் தச்சு வேலைக்குக் குறைவில்லை, மட்டையைக் கொடுத்தால் அச்சாக வெட்டித் தருவார்கள். பூச்சி அரிக்காமல் செம்பு மருந்து ஏற்றிய மரத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். அந்தச் செம்பு ஈரத்தோடு சேர்ந்து, தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தைத் துளைக்கும்.

பைபர் போட் வேலை செய்யும் இடங்களில் பொலியெஸ்டர் ரெசின் தாராளமாகக் கிடைப்பதால், அதையே பூசித் தரட்டுமா என்பார்கள். மரத்தில் அது நாள்பட ஒட்டி நிற்பதில்லை, உரிந்து உள்ளே தண்ணீரை ஏற்றும். எபொக்சிதான் வேண்டும். மூன்று கோட், வெட்டு விளிம்புகளுக்கு இன்னும் தாராளமாக. அப்புறம் போல்ட் துளை. துளையைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்படிச் செய்தால் போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீரும் மரத்துக்குள் போகாது. பழைய பலகை உக்கியது அநேகமாக இந்தத் துளைகள் வழியாகத்தான்.

முன்பு பறந்த படகு இப்போது நீரிலிருந்து எழும்பவே மாட்டேன் என்கிறது

இஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் படகை நிறுத்துப் பாருங்கள். ட்ரெய்லரோடு லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி, பிறகு ட்ரெய்லரை மட்டும் நிறுத்துக் கழித்தால் போதும். எதிர்பார்த்ததைவிட 50, 100 கிலோ கூடுதலாக இருந்தால், பெஞ்சுகளுக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் ஊற்றிய பழைய போம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள். ஊறிய போம் தானாகக் காயாது. வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

எடுத்ததும் வெறுமையாக விடாதீர்கள். அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம். கவிழ்ந்து நிரம்பினால், உள்ளே மிதப்பு இல்லாத படகு நேரே அடிக்குப் போகும். கணக்கு எளிது. நீருக்குள் அலுமினியத்தின் எடையில் சுமார் 63 சதவீதம் மிஞ்சும், ஆக 120 கிலோ தகட்டைத் தாங்க ஏறக்குறைய 75 கிலோ மிதப்பு தேவை. இஞ்சினையும் பற்றரியையும் முழு எடைக்கே கணக்கில் எடுங்கள். ஒரு லீற்றர் போம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். இப்படிக் கூட்டிப் பார்த்தால் சாதாரண 14 அடிப் படகுக்கு 200 லீற்றருக்குக் குறையாமல் வேண்டியிருக்கும், படகைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதக்கும் ஆட்களையும் நினைத்தால்.

ரெஜிபோம் (வெள்ளைப் பொலிஸ்டைரீன் போம்) வைக்கலாமா? மிதப்புக்கு நல்லதுதான், ஆனால் பெற்றோல் பட்டால் கரைந்துவிடும். தின்னரிலும் பொலியெஸ்டர் ரெசினிலும் அப்படியே. எண்ணெய்த் தாங்கி கடையாரில் இருக்கும் படகில் அங்கே ரெஜிபோம் வைக்காதீர்கள். பெற்றோல் தாங்கும் பொலியெத்திலீன் போம் அந்த இடத்துக்கு ஏற்றது. எல்லா போமையும் அடியிலேயே அடைக்கவும் கூடாது. அடியில் மட்டும் மிதப்பு இருந்தால் நிரம்பிய படகு குப்புறப் புரளும். பக்கங்களில் மேல்விளிம்பை ஒட்டியும், இஞ்சின் பக்கத்திலும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

எடை சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால் இஞ்சின் உயரத்தைப் பாருங்கள். குட்டை ஷாஃப்ட் 15 அங்குலப் பின்பலகைக்கு, நீள ஷாஃப்ட் 20 அங்குலத்துக்கு. பழைய ரன்அபவுட்டில் 15 அங்குலம் இருக்க, நீள ஷாஃப்ட் இஞ்சினை வாங்கி மாட்டினால் இஞ்சினின் கீழ்ப்பகுதி ஐந்து அங்குலம் கூடுதல் ஆழத்தில் இழுபடும். ப்ரொபெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஒரு அங்குலம் கீழாக வர வேண்டும். அதற்கு மேலே போனால், திருப்பத்தில் ப்ரொபெல்லர் காற்றை இழுத்து இஞ்சின் வீணாக அலறும்.

அணியம் (படகின் முன்பக்கம்) குதிரைபோல ஏறி இறங்கினால் பின்பாரம் கூடிவிட்டது, அல்லது இஞ்சின் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பற்றரியை முன்னே நகர்த்தினாலே பெரும்பாலும் அடங்கும். அணியம் நீரை உழுது, திருப்பும்போது இழுத்தால் முன்பாரம் கூடுதல்.

எழுந்து நின்றால் படகு சாய்கிறது

இதற்கு ஒரே காரணம்தான்: தளத்தின் உயரம். தூண்டில் வீச வசதி என்று அணியத்தில் மேடை கட்டுகிறார்கள். மேடை ஒரு அங்குலம் உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் ஆளின் எடை முழுவதும் ஒரு அங்குலம் உயர்கிறது. ரன்அபவுட்டின் அடி அதற்காகச் செய்ததல்ல. மேடையை மேல்விளிம்பிலிருந்து நன்றாகக் கீழே இறக்குங்கள். பற்றரியையும் எண்ணெயையும் அடித்தகட்டுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்கப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுப்பது. 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 4 பேர். அமைதியான நீரில், படகு முதலில் கட்டியபடியே இருக்கும்போது வரும் எண் அது. நீங்கள் போட்ட தளமும் பற்றரிகளும் சேர்ந்து ஓர் ஆள் கனம் வந்தால் ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்க இரண்டு பேர்தான் சுகம்.

தளத்துக்கு மரமா அலுமினியமா என்று கேட்டால், எடையில் நினைக்கும் அளவு வித்தியாசமில்லை. 12 மில்லிமீற்றர் பிளைவுட்டும் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடும் ஒரு சதுர மீற்றருக்கு ஏழெட்டுக் கிலோதான். கதவு ஜன்னல் செய்யும் கடைகளில் வாங்கும் அலுமினியப் பெட்டிக் குழாயைச் சட்டத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் சுவர்த் தடிப்பு 3 மில்லிமீற்றர் இருப்பதாகத் தேடி எடுங்கள். பார்ட்டிஷன் அடிக்கும் மெல்லிய குழாய் ஆள் ஏறி நின்றதும் நெளியும்.

பக்கத் தகடுகள் அலையில் துடிக்கின்றன

இடம் வேண்டும் என்று குறுக்கு பெஞ்சுகளையும் முன் டெக்கையும் வெட்டி எடுத்திருப்பீர்கள். அவை உட்காருவதற்கு மட்டும் இருந்தவை அல்ல. பக்கத்துக்குப் பக்கம் படகை இறுக்கிப் பிடித்திருந்தவை அவைதான். புதுத் தளத்தின் சட்டத்தை இரண்டு பக்க விலாக்களோடும் பூட்டினால் பலம் திரும்பும். நடு பெஞ்ச் இன்னும் இருந்தால் அதை வெட்டாமல், சேர்த்துத் தளத்தை அமையுங்கள்.

வெள்ளைப் பொடி, அதன் அடியில் குழி

அலுமினியத்துக்கு உப்பு மட்டும் எதிரியல்ல. உப்பு ஈரத்தில் வேறு உலோகம் தொடும்போது அது வேகமாகக் கரையத் தொடங்குகிறது. பொல்கொடை ஏரி பாணந்துறையில் கடலோடு சேருவதால் அந்த நீரும் உவர்தான். ஏரியில் ஓடுகிற படகுதானே என்று விட முடியாது.

பொடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம். ஸ்டெயின்லெஸ் திருகாணியைச் சுற்றி இருந்தால், திருகாணியைக் கழற்றி, நைலோன் வாஷரும் சீலன்டும் வைத்து மறுபடி பூட்டுங்கள். தளத்துக்கு அடியில் திட்டுத் திட்டாக இருந்தால், அங்கே ஈயக்குண்டோ, செம்புக் கம்பித் துண்டோ, சில்லறைக் காசோ விழுந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். தூண்டில் ஈயம் நனைந்த அலுமினியத்தின்மேல் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். கார்பெட்டுக்கு அடியில் என்றால் கார்பெட்டை எடுத்து எறியுங்கள். உப்புநீரை உறிஞ்சி வைத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. காலுக்கு இதமும் சத்தம் அடங்கவும் வேண்டுமானால் நீர் குடிக்காத ஈவிஏ விரிப்புப் போடலாம்.

வெளியே அடிப்பக்கம் முழுவதும் குழியாக இருந்தால் பூசிய பெயின்டை விசாரியுங்கள். பாசி, சிப்பி ஒட்டாமல் பைபர் படகுகளுக்கு அடிக்கும் பெயின்டில் செம்பு இருக்கும். அலுமினியத்தில் அதைப் பூசவே கூடாது. ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏற்றிவிடும் படகுக்கு அந்தப் பெயின்ட் தேவையுமில்லை.

சுத்தம் செய்ய இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம், இரும்புத் துகள் பதிந்து புது அரிப்பைத் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் தூரிகை பாவியுங்கள். ஆழமில்லாத குழியை எபொக்சியால் நிரப்பலாம், துளையாகிவிட்டால் தகடு ஒட்ட வேண்டும். படகு நீரிலேயே கட்டிக் கிடக்குமென்றால் அரிப்பை வாங்கிக்கொள்ளும் அனோட் கட்டி ஒன்று அடியில் பூட்டுங்கள். கடலுக்குத் துத்தநாகம் சரி. உவர்நீரிலும் கடலிலும் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அலுமினியக் கலப்பு அனோட்தான் பொருத்தம். அதன்மேல் பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது.

இவ்வளவும் சரிபார்த்தும் அரிப்பு நிற்கவில்லையா? மின்சாரக் கசிவு இருக்கிறது. இஞ்சினின் பற்றரி வயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நேர்முனையிலும் மற்றதைச் சுரண்டிய தகட்டிலும் வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் எங்கோ எதிர்முனை வயர் தகட்டைத் தொடுகிறது. எதிர்முனையில் வைத்துப் பார்க்கும்போது காட்டினால் தொடுவது நேர்முனை வயர், அதை உடனே தேடிப் பிடியுங்கள். கார்களில் செய்வதுபோல உலோக உடலையே எர்த்தாக எடுக்கும் வழக்கம் பஞ்சிகாவத்தையில் பழகிய எலக்ட்ரீஷியனுக்குக் கைவந்தது. அலுமினியப் படகில் ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு வயரும் தனித்தனியே பற்றரி வரைக்கும் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மின்மோட்டார் சோர்ந்து சுற்றுகிறது, வயர் சுடுகிறது

அணியத்தில் மாட்டும் சிறிய 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியர் வரை இழுக்கும். பற்றரி கடையாரில், மோட்டார் அணியத்தில் என்றால் போகவர 10 மீற்றர் வயர். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் சூடாகவே வீணாகும். 16 சதுர மில்லிமீற்றர் என்றால் அரை வோல்ட்தான். வயரை மாற்றுங்கள், அல்லது பற்றரியை முன்னே கொண்டுபோங்கள். இரண்டாவது படகின் சமநிலைக்கும் நல்லது. பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸோ பிரேக்கரோ கட்டாயம் இருக்க வேண்டும்.

பெயின்ட் தாள்போல உரிகிறது

சுரண்டிய அலுமினியத்தின்மேல் சற்று நேரத்திலேயே மெல்லிய ஒட்சைட் படலம் உண்டாகிவிடும். சாதாரண பிரைமர் அதில் பிடிக்காது. தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, அன்றே எட்ச் பிரைமர் (உலோகத்தை மெல்ல அரித்துப் பிடிக்கும் வகை) அடியுங்கள். தேய்த்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் வேலை வீண்.

ஏரியில் சரி, கடலில் அடிக்கிறது

இது கோளாறல்ல, படகின் எல்லை. ஆழமில்லாத வீ அடியும் தாழ்ந்த பக்கமும் உள்ள 14 அடி ரன்அபவுட்டை எவ்வளவு மாற்றினாலும் அது பொல்கொடைக்கும் களப்புக்கும் உரிய படகு. கொடுவா அங்கேயே கிடைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது கொழும்புக் கரையில் கடல் குழம்பியிருக்கும், அப்போது வெளியே போகவே வேண்டாம். மீன்பிடிக்கப் பாவிக்கும் படகை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடற்றொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள்.

ஓடாத மாதங்களில் அணியத்தைச் சற்று உயர்த்தி, ட்ரெயின் பிளக்கைக் கழற்றி, மழைநீர் தானாக வடியும்படி நிறுத்தி வையுங்கள். கழற்றிய பிளக்கை இஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டால், அதை மாட்டாமல் யாரும் படகை ஏரியில் இறக்க மாட்டார்கள்.